செட்டிங் ஸ்ப்ரேயை பிரைமருக்குப் பதிலாக அடிக்கலாமா? (தை மாதக் கல்யாணம், இலங்கை மலைநாட்டு மஸ்கெலியா)

மவுசாக்கலைப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தையில் என் அக்காவுக்குக் கல்யாணம். மேக்கப் நான்தான் போடப் போகிறேன். ட்ரெஸ்ஸருக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு சேலை எடுக்கலாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள். தோழிகளுக்கும் சடங்கு வீடுகளிலும் போட்டுவிட்டுப் பழக்கம் உண்டு, ஆனால் மணப்பெண்ணுக்குப் போடுவது இதுதான் முதல் தடவை.

குவைத்தில் இருக்கும் சித்தி அனுப்பிய பெட்டியில் ஃபவுண்டேஷன், கன்சீலர், பவுடர், மேக்கப் கலையாமலிருக்கக் கடைசியில் அடிக்கிற ஒரு பெரிய செட்டிங் ஸ்ப்ரே எல்லாம் வந்திருக்கிறது. ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசுகிற பிரைமர் மட்டும் இல்லை. ஹட்டன் டவுனில் கேட்டுப் பார்த்தேன். கிடைத்ததெல்லாம் பெயர் தெரியாத சரக்கு, அதை அக்காவின் முகத்தில் போட மனம் வரவில்லை. வீடியோக்களில் சிலர் ஃபவுண்டேஷனுக்கு முன்னாலேயே செட்டிங் ஸ்ப்ரே அடித்துவிட்டு, இதுதான் பிரைமர், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்கள். இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

அக்காவின் தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனிக்காலத்தில் கன்னம் இரண்டும் காய்ந்து பொருக்குத் தட்டும். மூக்கைச் சுற்றியும் நெற்றி நடுவிலும் எண்ணெய் வடியும். முகூர்த்தம் காலை 6.30க்கு, கோவில் ஹட்டனில். அப்படியென்றால் விடியற்காலை மூன்று மணிக்கே அவளை உட்கார வைக்க வேண்டும். கோவில் முடிந்து மண்டபம், அப்புறம் தேயிலை மலையில் போட்டோ. பகல் இரண்டு மணி வரையாவது முகம் நிற்க வேண்டும்.

---

வெள்ளவத்தை ரம்யா:

தாராளமாக அடிக்கலாம் அக்கா. நான் வேலைக்குப் போகும்போது இப்படித்தான் செய்கிறேன். முகம் கழுவி, துடைத்து, நேரடியாக ஸ்ப்ரே, மேலே ஃபவுண்டேஷன், கடைசியில் திரும்பவும் ஸ்ப்ரே. காலி வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் வழியாது. கல்யாணத்துக்கென்றால் அடியில் இரண்டு மூன்று தரம் அடித்துக்கொள்ளுங்கள், இறுக்கமாக நிற்கும்.

---

கொட்டகலை ட்ரெஸ்ஸர் அக்கா:

தங்கச்சி, அக்காவுக்கு என் வாழ்த்தைச் சொல். பிரைடல் ட்ரெஸ்ஸிங்தான் என் தொழில். கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நிறைய பெண்பிள்ளைகளை அலங்கரித்து அனுப்பியிருக்கிறேன். அடிக்கலாமா என்றால், அடிக்கலாம். ஆனால் முகம் முழுக்க வேண்டாம். க்ரீம் பூசாத தோலில் வேண்டவே வேண்டாம்.

ரம்யா தங்கச்சி சொன்னது அவருடைய ஊருக்குச் சரி. கொழும்பில் மேக்கப்பைக் கெடுப்பது வியர்வை. தை மாதத்தில் நம் பக்கம் கெடுப்பது வறட்சி. மழை விட்டு, வானம் வெளுத்து, இரவில் குளிர் இறங்குகிற காலம் இது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்தே கருகும். அந்தக் காற்றில் இருக்கிற முகத்துக்கு, வெறும் தோலில் ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரேயை இரண்டு மூன்று தரம் அடித்தால் விடிவதற்குள் கன்னம் இழுக்கத் தொடங்கிவிடும்.

பிரைமர் என்று விற்பதில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சிலிக்கோன் வகை. டைமெத்திகோன் மாதிரியான பொருள் தோலின் துவாரங்களையும் சின்னச் சின்னப் பள்ளங்களையும் நிரவி, மேலே பட்டுப் போல ஆக்கும். இன்னொன்று பிசுபிசுப்பு வகை. கிளிசரின் மாதிரியான ஈரம் பிடிக்கும் பொருள் லேசாக ஒட்டிக்கொண்டு ஃபவுண்டேஷனைப் பிடித்து வைக்கும். 2015இல் நெதர்லாந்து யூடியூபர் நிக்கி டி ஜாகர், ஆண்கள் ஷேவ் எடுத்த பிறகு பூசுகிற நிவியா பாமை பிரைமராகப் போட்டுக் காட்டி உலகம் முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கிறதா? அதிலும் கிளிசரின்தான் வேலை செய்தது.

செட்டிங் ஸ்ப்ரே பள்ளத்தை நிரவாது. அதில் இருக்கிற தண்ணீரும் ஆல்கஹாலும் பறந்த பிறகு ஒரு மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். தோல் எப்படி இருக்கிறதோ அப்படியே அந்தப் படலம் அதைப் பிடித்துக்கொள்ளும். பொருக்குத் தட்டிய கன்னத்தில் அடித்துப் பார், படிந்து கிடந்த செதில்கள் ஓரம் தூக்கி நின்றுகொள்ளும். ஸ்பாஞ்சால் ஃபவுண்டேஷனை ஒற்றும்போது ஒவ்வொரு செதிலின் விளிம்பிலும் கலர் சேர்ந்து, கிட்டத்தில் பார்த்தால் சுண்ணாம்பு உரிகிற சுவர் மாதிரித் தெரியும். மூன்று மணிக்கு டியூப் லைட் வெளிச்சத்தில் இது கண்ணுக்குப் படாது. ஏழு மணி வெயிலில் கேமராவுக்குப் பட்டுவிடும்.

ஆகவே உன் அக்காவுக்கு உண்மையான பிரைமர் க்ரீம்தான். இன்றைக்கே தொடங்கு. இரவில் படுக்கும் முன் முகம் ஈரமாக இருக்கும்போதே, வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசரை அழுத்திப் பூசிவிடு. விலை உயர்ந்தது தேவையில்லை, தினமும் பூசினால் போதும். கல்யாணத்துக்கு முதல் வாரம் ஸ்க்ரப், பிளீச் என்று புதிதாக எதையும் தொடாதே. நலங்கு வைக்கிறீர்கள் என்றால் மஞ்சள் தோலில் தங்கும். ஃபவுண்டேஷன் கலரைப் பரிசோதிக்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள். கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் மாறிப்போவதற்கு மஞ்சளும் ஒரு காரணம்.

அன்றைக்குக் காலையில் எப்படி அடிப்பது என்று சொல்கிறேன். முகம் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். க்ரீம் பூசி, அது உள்ளே இறங்கும்வரை தலைப் பின்னலை ஆரம்பி. பூ வைத்து முடிக்கிற வேலை எப்படியும் நேரம் எடுக்கும், முகம் அதற்குள் தயாராகிவிடும். மலையில் போட்டோ எடுப்பதாகச் சொன்னாய், சன்ஸ்க்ரீன் கட்டாயம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்குக் குறையாமல் கூடும். ஹட்டன் 1,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. குளிரில் வெயில் உறைக்காது, ஆனால் தோலைச் சுடும். சன்ஸ்க்ரீன் பூசிவிட்டு ஒரு கால் மணி நேரமாவது விடு. அது காய்வதற்குள் ஸ்ப்ரே அடித்தால் திட்டுத் திட்டாகக் கலைந்துவிடும்.

அப்புறம்தான் ஸ்ப்ரே. போத்தலை நன்றாகக் குலுக்கு. கண்ணும் வாயும் மூடச் சொல், மூச்சையும் ஒரு நொடி பிடிக்கச் சொல். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூக்கு, நெற்றி நடு, தாடை என்று எண்ணெய் வடிகிற இடங்களுக்கு மட்டும் ஒரே ஒரு தரம். கன்னத்தை ஒரு துணியால் மறைத்துக்கொள். விடியற்காலைக் குளிரில் ஸ்ப்ரே சீக்கிரம் காயாது. ஃபைல் கவர் ஒன்றை எடுத்து விசிறிவிடு, ஹேர் ட்ரையரின் சூட்டைக் காட்டாதே. விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார். நனைந்தால் இன்னும் பொறு. விரல் லேசாக ஒட்டி விடுபடுகிற நேரம்தான் ஃபவுண்டேஷனுக்குச் சரியான நேரம். தேய்க்காதே, ஒற்று. தேய்த்தால் அந்தப் படலம் அழுக்கு உருண்டை மாதிரித் திரண்டு வந்துவிடும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். கழுத்து. மணப்பெண்ணின் மேக்கப் முதலில் போவது முகத்தில் இல்லை, மாலை உரசுகிற இடத்தில். மாலைக்குத் தண்ணீர் தெளித்துத்தான் கொண்டுவருவார்கள். அந்த ஈரமும் நாரும் சேர்ந்து தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பட்டையாக ஃபவுண்டேஷனைத் துடைத்துவிடும், மிச்சம் ரவிக்கைக் கரையில் ஒட்டும். அந்த இடத்துக்கு ஸ்ப்ரேயை அடியிலும் அடி, மேலேயும் அடி. இந்த ஸ்ப்ரேயை அடியில் அடிப்பதால் கிடைக்கிற நன்மையை நான் அதிகம் பார்த்தது கழுத்தில்தான். அங்கே ஃபவுண்டேஷனையும் மிக மெல்லிசாகப் போடு.

போத்தலின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து இங்கே போடு. எல்லா ஸ்ப்ரேயும் ஒன்றில்லை.

---

பதுளை பார்மசிக்காரர்:

கொட்டகலை அக்கா சொன்னதோடு போத்தல் விஷயத்தை நான் சேர்த்துச் சொல்கிறேன் சகோதரி. மருந்துக் கடையில் நிற்பவன், லேபிள் படிப்பது என் அன்றாட வேலை.

பட்டியலில் எது அதிகமோ அதுதான் முன்னால் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழே போன பிறகுதான் வரிசை மாறலாம். முதலில் தண்ணீர் இருக்கும். இரண்டாவதாக ஆல்கஹால் டிநேட் (Alcohol Denat.) என்று இருந்தால் அது இறுகப் பிடிக்கிற வகை. அதற்குப் பின்னால் பிவிபி அல்லது விபி/விஏ கோபாலிமர் அல்லது அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்று ஏதாவது ஒன்று வரும். படலம் போடுவது இவைதான். அர்பன் டிகேயின் ஆல் நைட்டர் இந்த வகை. ஆல்கஹாலும் இல்லாமல், இந்தப் பெயர்களும் இல்லாமல், கிளிசரினும் செடிச் சாறுகளும் மட்டும் இருந்தால் அது முகத்துக்கு ஈரம் கொடுக்கிற மிஸ்ட். மேக்கின் ஃபிக்ஸ் பிளஸ் அப்படிப்பட்டது. பவுடர் பூத்தது போலத் தெரிவதை அமர்த்த நல்லது, மணிக்கணக்கில் பிடித்து வைக்க அதை நம்ப முடியாது. ஆனால் காய்ந்த கன்னத்துக்கு, க்ரீமுக்கு மேல், இந்த இரண்டாவது வகைதான் பாதுகாப்பு.

பிவிபி என்பது பாலிவினைல்பிரோலிடோன். கேட்கப் பயமாக இருந்தாலும் நமக்குப் பழக்கமானதுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்குப் பூசுகிற மண்ணிறப் பொவிடோன் அயடின் இருக்கிறதே, அதில் வரும் பொவிடோன் இதுதான். மாத்திரைகள் உதிராமல் இருக்கவும் இதைச் சேர்க்கிறார்கள். 1930களின் கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. ஹேர் ஸ்ப்ரேயில் முடியைப் பிடித்து வைக்கவும் இதைச் சேர்த்தார்கள்.

ஒரு குணம் மட்டும் மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பிவிபி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் படலம் திரும்பவும் பிசுபிசுக்கும். மூடுபனி இறங்கி நிற்கிற காலையில், மேலே பவுடர் இல்லாமல் பிவிபி ஸ்ப்ரே அடித்த முகத்தோடு வெளியே நின்றால் தூசி, முடி எல்லாம் ஒட்டும். அந்தக் குறையைக் குறைக்கத்தான் விபி/விஏ மாதிரி கோபாலிமர்கள் வந்தன. எங்கள் ஊவாப் பக்கத்துக்கும் உங்கள் பக்கத்துக்கும் காலமும் மாறும். தையில் பதுளையில் இன்னும் மழை ஈரம் இருக்கும், உங்களுக்கு வறட்சி. ஆடி, ஆவணியில் மஸ்கெலியாவில் மழை கொட்டும், பண்டாரவளை, ஹப்புத்தளையில் காய்ந்த காற்று அடிக்கும். அதனால் பதுளையில் இருக்கும் தோழிக்கு நன்றாக நின்றது என்பதை வைத்து நீங்கள் முடிவு எடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். ஆல்கஹால் தீப்பிடிக்கும். கல்யாண வீட்டில் குத்துவிளக்கு எரியும், சாம்பிராணி புகையும், கரண்ட் போனால் மெழுகுதிரி வரும், பக்கத்தில் அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும். இவை எதுவும் இல்லாத அறையில், ஜன்னலைத் திறந்துவைத்து அடியுங்கள். அடித்த உடனே ஓமத்துக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். காய்ந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் அவரை அந்த நேரம் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.

---

மவுசாக்கலைப் பிள்ளை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லேபிளைப் பார்த்தேன். தண்ணீர், ஆல்கஹால் டிநேட், அப்புறம் பிவிபி. ஆக, இறுகப் பிடிக்கிற வகைதான்.

நேற்று அக்காவை வைத்துப் பரிசோதித்தேன். முகத்தை இரண்டாகப் பிரித்தேன். வலது பக்கம் வீடியோவில் சொன்னது போல வெறும் தோலில் ஸ்ப்ரே. இடது பக்கம் கொட்டகலை அக்கா சொன்னபடி க்ரீம், பொறுத்திருந்து மூக்கு ஓரத்துக்கு மட்டும் ஸ்ப்ரே. வலது கன்னத்தில் பட்டதும் எரிகிறது என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மத்தியானம் பார்த்தபோது அந்தக் கன்னத்தில், நீங்கள் சொன்ன அதே செதில்கள், சிரிக்கும்போது வாய் ஓரத்தில் கோடும் விழுந்திருந்தது. இடது கன்னம் அப்படியே மென்மையாக இருந்தது. ஆனால் மூக்கு ஓரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நன்றாகவே நின்றிருந்தது. வழக்கமாக அவளுக்கு மூக்குத்தியைச் சுற்றி முதலில் கலர் போய்விடும், நேற்றுப் போகவில்லை.

இன்னும் சில கேள்விகள். ஸ்ப்ரே தீர்ந்துவிட்டால் ஹேர் ஸ்ப்ரேயும் அதேதான் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள், அடிக்கலாமா? பன்னீரில் கிளிசரின் கலந்து வீட்டிலேயே செய்யலாமா? அப்புறம், தாலி கட்டும்போது அக்கா கண்டிப்பாக அழுவாள். அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. அதற்கு என்ன செய்வது?

---

பதுளை பார்மசிக்காரர்:

ஹேர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம் சகோதரி. படலம் போடும் பொருள் ஒன்றாக இருக்கலாம், அளவும் மற்றச் சேர்மானங்களும் முடிக்காகப் போட்டவை. கண்ணுக்குப் பக்கத்தில் அடிக்கும் பொருள் இல்லை அது. எரிந்த கன்னத்துக்கு இரண்டு மூன்று நாள் க்ரீம் மட்டும் பூசுங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் அந்த ஸ்ப்ரேயை முகத்துக்கு எடுக்காமல் கழுத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பன்னீரும் கிளிசரினும் கலந்தால் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். படலம் போடும் பொருள் எதுவும் அதில் இல்லாததால் மேக்கப்பைப் பிடிக்காது. கெடாமல் வைக்கும் பொருளும் இல்லை, கலந்து நாள்கணக்கில் வைத்து அடிக்காதீர்கள்.

---

கொட்டகலை ட்ரெஸ்ஸர் அக்கா:

முகத்தைப் பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தாய் பார், அது நல்ல வேலைக்காரியின் புத்தி. விடை கிடைத்துவிட்டது: மூக்கு, நெற்றி நடு, தாடை, கழுத்து. கன்னத்துக்கு க்ரீம் மட்டும். பிரைமர் தேடி இனி ஹட்டனுக்கு அலையாதே. அந்தக் காசுக்கு நல்ல வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா ஒன்று வாங்கு. கண்மையைக் கீழ் இமைக்கு இழுக்காமல் மேல் இமையோடு நிறுத்து.

அக்கா அழட்டும் பிள்ளை. அப்பா இல்லாத மணவறையில் மகள் அழாமல் இருப்பாளா? அழாதே, மேக்கப் போய்விடும் என்று யாரையும் சொல்ல விடாதே. கண்ணுக்குக் கீழே அடியில் ஸ்ப்ரே வேண்டாம், மெல்லிய தோல், எரியும், கண்ணீரோடு சேர்ந்தால் இன்னும் எரியும். கன்சீலரைக் கொஞ்சமாகப் போட்டு, விரல் நுனியால் தட்டி, பவுடரை மெல்லிசாக ஒற்று. கனமாகப் போட்டால்தான் கண்ணீர் கோடு போட்டு இறங்கும். மெல்லிசாக இருந்தால் இறங்கிய இடமும் தெரியாது. உன் இடுப்பில் டிஷ்யூவை மடித்துச் செருகி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில். அழுது முடிந்ததும் இமைக்குக் கீழே டிஷ்யூ முனையை வைத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சு, துடைக்காதே. அந்த ஈரத்தின் மேல் திரும்ப ஸ்ப்ரே அடிக்காதே. காய்ந்த பிறகு ஸ்பாஞ்சால் ஒரு ஒற்று ஒற்றினால் போதும்.

நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்கிற இடத்தில் ஸ்ப்ரேயும் பவுடரும் குறைவாக இருக்கட்டும். ஐயர் திருநீறு பூசும்போது அந்த இடம் பிசுபிசுப்பாக இருந்தால் அப்பிக்கொள்ளும். பதுளைத் தம்பி சொன்ன மூடுபனி விஷயத்தையும் மறக்காதே. கடைசி ஸ்ப்ரேயை வீட்டிலேயே அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் வேனில் ஏற்று. கண்ணாடியை மூடிவிடச் சொல். சிவனொளிபாதமலை சீசன் ஆகையால் சனி, ஞாயிறென்றால் மஸ்கெலியாப் பாதையில் வாகனம் நிறைந்திருக்கும், கூடுதலாக நேரம் வைத்துக் கிளம்புங்கள். போத்தலை உன் கைப்பையிலேயே எடுத்துக்கொள். வேனின் முன் கண்ணாடிப் பக்கம் வெயிலில் போட்டு வைக்காதே. மலையில் போட்டோவுக்குப் போகும் முன், முதலில் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடு, அப்புறம் மூக்குக்கும் கழுத்துக்கும் ஒரே ஒரு தரம்.

இன்னும் ஒரு தடவை முழு மேக்கப்பையும் போட்டு, ஃபோனின் ஃபிளாஷில் படம் எடுத்துப் பார். சில சன்ஸ்க்ரீனும் வெள்ளைப் பவுடரும் ஃபிளாஷில் முகத்தை வெளிறக் காட்டும். சந்தேகமாக இருந்தால் படத்தை இங்கே போடத் தேவையில்லை, தனிச் செய்தியில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.